லயத்து வாசலில் வசந்தம்: மலைநாட்டில் ஒரு காட்டேஜ் பூந்தோட்டமும் நாற்று மேசையும்

தைப்பொங்கல் முடிந்ததும் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில், லயம் என்னும் வரிசை வீடுகளில், பூச்செடிப் பேச்சு தொடங்கிவிடும். சித்திரை வருஷத்துக்கு வாசல் பூத்துக் கிடக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. அந்த நாட்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். கண்டி முதல் நுவரெலியா வரை, ஹட்டன் முதல் பதுளை வரை இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

காட்டேஜ் தோட்டம் என்று படங்களில் காட்டுகிறார்களே, அது லயத்து வாசலுக்குச் சரிவருமா?

சரிவரும். பல லயங்களின் வாசலில் அது ஏற்கெனவே இருக்கிறது, அந்தப் பெயரில் யாரும் அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் கிராமங்களில் கூலிவேலை செய்த குடும்பங்கள் சின்ன வீட்டுக்கு முன்னால் வைத்த தோட்டம் இது. புல்தரை வளர்க்க இடமில்லை, செடியை அளவெடுத்து வெட்ட ஆளுமில்லை. அதனால் கோவாவுக்குப் பக்கத்தில் ரோசா, அவரைக்குக் கீழே செவ்வந்தி, வழியோரம் வாசனை இலைகள் என்று கிடைத்த இடத்திலெல்லாம் நெருக்கி நட்டார்கள். செடியும் பெரும்பாலும் அயல்வீட்டிலிருந்து வந்த கிளைதான். பணக்கார வீடுகள் அதைப் பார்த்து ஆசைப்பட்டு அலங்காரமாக்கியது பின்னால் நடந்தது.

இப்போது நம் லயத்து இஸ்தோப்பை, அதாவது வீட்டு முன் திண்ணையை, பாருங்கள். பால்மா டின்னில் ஜெரேனியம், உடைந்த வாளியில் புதினா, கான் (தண்ணீர் வடிகால்) ஓரத்தில் டேலியா, கூரைக் கம்பியில் தொங்கும் பிகோனியா. சாமிக்கு வைக்க செவ்வந்தி. துரைமார் பங்களாக்களின் பெரிய பூந்தோட்டங்களை வருடக்கணக்காகப் பராமரித்ததும் நம் ஆட்கள்தான். எந்தச் செடியை எந்த மாதம் வெட்டுவது, எந்தக் கிளை வேர் பிடிக்கும் என்ற அறிவு அந்தத் தோட்டக்காரர்கள் வழியாக லயங்களுக்கு வந்தது. அதை இரவல் வாங்கிய ரசனை என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள முடியாது.

இலங்கையில் வசந்தகாலமே இல்லையே? விதைப் பைக்கற்றில் "வசந்தத்தில் விதைக்கவும்" என்று இருந்தால் எந்த மாதத்தை எடுப்பது?

பைக்கற்றில் உள்ள மாதத்தை மறந்துவிடுங்கள். லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம் உண்டு. நுவரெலியாவில் அந்த வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அங்கே செடியை எழுப்புவது நீளும் பகலும் ஏறும் சூடும். இங்கே அந்த வேலையைச் செய்வது மழையும் பனியும்.

மலைநாட்டுக் கணக்கு இப்படி: டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. ஜனவரியிலும் பெப்ரவரி முற்பாதியிலும் மேட்டு நிலங்களில் இரவுக் குளிர் கடுமை. மார்ச், ஏப்ரலில் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம்: காலையில் நல்ல வெயில், பின்னேரம் இடியோடு மழை. இதுதான் நமக்கு வசந்தம். மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும்.

ஆகவே பெரும்பாலான செடிகளுக்கு விதைப்பும் நாற்றும் தையிலும் மாசியிலும், நடுகை மாசிக் கடைசியிலிருந்து பங்குனிக்குள், பூ சித்திரையில். தோட்டத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றும் மாசி நாட்கள் வந்துவிட்டால் நாற்றுகள் கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு விதைக்கத் தொடங்கினால் சித்திரை தாண்டித்தான் பூக்கும்.

நான் ஹட்டன் பக்கம், தங்கச்சி பண்டாரவளையில். இரண்டு பேருக்கும் ஒரே நாட்காட்டியா?

மார்ச், ஏப்ரல் இருவருக்கும் பொது. மற்ற மாதங்களில் நீங்கள் இருவரும் வேறு வேறு நாட்டில் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை எல்லாம் மேற்குச் சரிவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை நேராக அங்கே கொட்டும். அதே காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் (பண்டாரவளை, பதுளை) இறங்கும்போது ஈரம் இழந்து உலர் காற்றாக வீசும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி மணம் வருவதே இதனால்தான். ஹட்டனும் சேரும் டிம்புல பக்கம் நல்ல தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரை வருவதற்கும் அப்போதைய வறண்ட குளிர்தான் காரணம். தேயிலைக்கு மணம் ஏறும் மாதங்கள் உங்கள் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய மாதங்கள் என்று நினைவில் வைத்தால் போதும்.

தங்கச்சிக்கு இன்னொரு விதைப்புப் பருவமும் உண்டு. ஒக்டோபர் இடைப்பருவ மழையோடு நட்டால் தை மாதத்திலும் பூ பார்க்கலாம்.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். கண்டி சுமார் 500 மீற்றர், ஹட்டனும் பண்டாரவளையும் 1,200 மீற்றருக்குச் சற்று மேலே, நுவரெலியா 1,870 மீற்றருக்கு அருகில். ஆயிரம் மீற்றர் ஏறினால் சுமார் 6 பாகை குளிர்கிறது. கண்டியில் அந்தூரியமும் ஓர்க்கிட்டும் காசித்தும்பையும் சீனியாவும் செழிக்கும். நுவரெலியாவில் பான்சியும் ஸ்வீட் பீயும் கார்னேஷனும் ஃபியூஷியாவும். ரோசா, டேலியா, ஜெரேனியம் இரண்டுக்கும் நடுவே எங்கும் வரும்.

சித்திரை வருஷத்துக்குப் பூக்க எதை எப்போது விதைப்பது?

பான்சி, ஸ்வீட் பீ இரண்டும் மெதுவான செடிகள். மூன்று மாதமாவது வேண்டும், ஆகவே டிசம்பர் கடைசியிலேயே விதைத்து இஸ்தோப்புக்குள் வைத்துவிடுங்கள். டேலியாக் கிழங்கைத் தைப்பொங்கலை ஒட்டி ஈரத் தும்புத்தூளில் புதைத்து முளை கட்டலாம். செண்டுமல்லி, கொஸ்மோஸ், நஸ்டர்ஷியம் வேகமானவை. பெப்ரவரி முதல் கிழமை விதைத்தால் போதும்.

நஸ்டர்ஷியத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் சொல்வேன். விதை பட்டாணி அளவு, குழந்தைகள்கூட ஊன்றலாம். மோசமான மண்ணில்தான் நன்றாகப் பூக்கும், பசளை போட்டால் இலை மட்டும்தான் வளரும். இலையும் பூவும் சாப்பிடலாம், வல்லாரைச் சம்பலில் இரண்டு இலை சேர்த்தால் நல்ல காரம். அதன் வேர் கிளறுவதை விரும்பாது, ஆகவே நேராக நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்றுங்கள்.

முதல் வேலை எது? செடி வாங்குவதா, மண் கிளறுவதா?

இரண்டும் இல்லை. ஒரு நல்ல மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நில்லுங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, மேல் லயத்துத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே மண்ணை அரித்துக்கொண்டு போகிறது என்று பாருங்கள். மலைநாட்டுத் தோட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வறட்சி இல்லை, தவறான பக்கம் போகும் தண்ணீர்தான்.

கான் வெட்டுவது நமக்குப் புதிதில்லை. பாத்திக்கு மேல்பக்கம் சரிவுக்குக் குறுக்காக, லேசான சாய்வோடு ஒரு சின்னக் கான். அது வந்து சேரும் இடத்தில் கல் பரப்பி விடுங்கள், தண்ணீர் வேகமிழந்து போகும். பாத்தியின் கீழ் விளிம்பில் கற்களை அடுக்கிக் கட்டுங்கள், சீமெந்து பூசாமல். கல்லிடுக்கு வழியாகத் தண்ணீர் கசிய வேண்டும். அந்த இடுக்குகளில் செடி செருகினால் கல்கட்டே பூந்தோட்டமாகிவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இடம் போதவில்லை என்று வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டை வெட்டாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. நிலத்தில் புதிய வெடிப்பு, சாயத் தொடங்கும் மரம், திடீரென்று ஊறும் சேற்றுத் தண்ணீர் இவற்றைக் கண்டால் தோட்ட வேலையை விட்டுவிட்டுக் கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். மண்சரிவு அபாயத்தைப் பார்த்துச் சொல்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பு. பூவுக்காகச் சரிவை வெட்டத் தேவையே இல்லை, தொட்டியும் கல்கட்டும் போதும்.

நாற்று மேசை எதற்கு? தரையில் குந்தியிருந்து செய்தால் ஆகாதா?

ஆகும், இடுப்புத்தான் தாங்காது. நாள் முழுக்க மலையில் குனிந்தும் கூடை சுமந்தும் வந்த ஒருவர் பின்னேரம் மறுபடி குனிந்து மண் கலக்க வேண்டுமா? நின்றபடி வேலை செய்ய ஒரு மேசை இருந்தால் பூந்தோட்டம் சுமையாகத் தெரியாது. செடிகளுக்குச் செலவழிப்பதற்கு முன் இந்த மேசைக்குச் செலவழியுங்கள் என்பேன்.

உயரம் உங்கள் இடுப்பளவு, மூன்று அடிக்குச் சற்றுக் குறைவாக. முழங்கையை லேசாக மடித்தால் உள்ளங்கை மேசையில் பட வேண்டும். நாலு அடி நீளம், இரண்டு அடி அகலம் தாராளம். கிரவிலியாப் பலகை எல்லா இடத்திலும் கிடைக்கும், கடைகளில் சாமான் வரும் மரத்தட்டுகளைக் கழற்றினாலும் பலகை உண்டு. மேற்பரப்பில் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையாத அளவு இடைவெளி விடுங்கள், தண்ணீர் வடியட்டும். பின்பக்கமும் இரு ஓரங்களிலும் நாலு அங்குலப் பலகை அடித்துவிட்டால் மண் கீழே கொட்டாது. மேசைக் கால்களை நேரே மண்ணில் வைக்காமல் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தட்டைக் கல். இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்திலேயே கால் உளுத்துப்போகும்.

வைக்கும் இடம் கூரை விளிம்புக்குக் கீழே, காற்றுக்கு மறுபக்கம். ஹட்டன் பக்கமென்றால் மேற்கிலிருந்து அடிக்கும் சாரலுக்கு ஒதுக்கமாக. காலை வெயில் மேசையில் படுவது மிக நல்லது. பீலியோ குழாயோ பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. இஸ்தோப்பு எல்லோருக்கும் பொதுவான லயமென்றால் அயலவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். முதல் நாற்றை அவர்களுக்கே கொடுங்கள், பிறகு அவர்களும் வந்து தண்ணீர் ஊற்றுவார்கள்.

மேசையின் கீழ்த்தட்டில் என்ன வைக்கலாம்?

கலந்த மண் ஒரு மூடி வாளியில், தும்புத்தூள் ஒரு சாக்கில், கழுவிக் கவிழ்த்த டின்கள், கூட்டெருச் சல்லடை. கத்தியும் கத்தரிக்கோலும் ஆணியில் தொங்கட்டும். பூச்சிமருந்துப் போத்தல் மட்டும் அங்கே வேண்டாம். அது குழந்தைக்கு எட்டாத, பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

தொட்டி மண்ணை எப்படிக் கலப்பது?

மேல்மண் இரண்டு பங்கு, கூட்டெரு அல்லது நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. மழை அதிகமான மேற்குச் சரிவில் தும்புத்தூளைப் பாதியாக்கி அந்த இடத்துக்கு ஆற்று மணல் சேருங்கள். தும்புத்தூளை முதலில் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, இன்னொரு தண்ணீரிலும் அலசுங்கள், உப்பு போகும்.

மேல்மண்ணை எங்கிருந்து எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். பழைய தேயிலைச் செடிக்கு அடியில் எடுத்த மண்ணில் வேரைத் தாக்கும் வட்டப்புழு இருக்கக்கூடும். தேயிலைத் தவறணைக்கு (நாற்று வளர்க்கும் இடத்துக்கு) மானாப்புல், கோத்தமாலாப்புல் வளர்ந்த நிலத்து மண்ணை எடுப்பது இதற்காகத்தான். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கலவை சரியா என்று பார்க்க, ஈரமாக ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டியதும் உதிர வேண்டும். தட்டியும் உதிராவிட்டால் மணல் போதாது. கை திறக்கும்போதே சிதறினால் கூட்டெரு போதாது.

கூட்டெருவுக்கு ஒரு நல்ல சேர்க்கை காட்டுச் சூரியகாந்தி. ரோட்டோரமெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்குமே, அதுதான். இலையும் இளந்தண்டும் சீக்கிரம் மக்கும், செடிக்குச் சத்தும் அதிகம். பூ விதையாகும் முன் வெட்டிப் போடுங்கள். 2021-இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது பலர் வேறு வழியில்லாமல்தான் கூட்டெருப் பக்கம் வந்தார்கள். பூச்செடிக்கு அது எப்போதும் நல்ல வழி.

சாடி வாங்க வசதியில்லை. டின்னும் போத்தலும் போதுமா?

தாராளமாகப் போதும். அடியில் துளை இருக்க வேண்டும், அதுவும் நடுவில் ஒன்று போதாது, ஓரத்தில் நாலைந்து. ஆணியை உள்ளிருந்து வெளியே அடியுங்கள், அப்போதுதான் துளையின் விளிம்பு வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு தண்ணீர் தங்காமல் வடியும். டின்னைத் தரையில் நேராக வைக்காமல் இரண்டு கல்லின்மேல் வையுங்கள்.

தொட்டிக்குக் கீழே தட்டு வைக்க வேண்டாம். தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். கண்டி, மாத்தளைப் பக்கம் இது பெரிய விஷயம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளுக்காக இல்லாமல் கிழமைக்கு ஒரு தடவை நீங்களே வாசலைச் சுற்றிப் பார்த்து வெற்று டின்களைக் கவிழ்த்துவிடுங்கள்.

பழைய ரப்பர் சப்பாத்து, உடைந்த கூடை, துருப்பிடித்த வாளி எல்லாம் தொட்டியாகலாம். ஆனால் ஒரே வாசலில் இருபது வகைப் பாத்திரம் இருந்தால் கண் பூவுக்குப் போகாது. டின்களுக்கு ஒரே நிறம் பூசிப் பாருங்கள், வாசல் முழுக்க மாறிவிடும்.

செடி வாங்காமல் எப்படிப் பெருக்குவது?

இதில் நம் பெண்களுக்குப் பாடம் சொல்ல யாருமில்லை. தேயிலைத் தவறணையில் ஒரே இலையும் கீழே ஒரு சின்னத் தண்டுமாகச் சாய்வாக நறுக்கி, பொலித்தீன் பையில் ஊன்றி, நிழலில் வைத்து வேர் பிடிக்கச் செய்கிறவர்கள் அவர்கள். அதே கைப்பழக்கம் பூச்செடிக்கும் பொருந்தும். செடிக்குச் செடி சில வித்தியாசங்கள் மட்டும் உண்டு.

ஹைட்ரேஞ்சியாவை எடுத்துக்கொள்வோம். பூ இல்லாத பச்சைக் கிளையில் இரண்டு கணு வரும்படி நறுக்குங்கள். கீழ்க் கணுவுக்குச் சரியாக அடியில் கத்தி விழ வேண்டும், வேர் அங்கிருந்துதான் வரும். கீழ் இலைகளை எடுத்துவிடுங்கள். மேலே உள்ள இரண்டு இலைகளையும் கத்தரிக்கோலால் குறுக்கே பாதியாக வெட்டுங்கள். இலை பெரிதாக இருந்தால் அது மூச்சுவிடும் தண்ணீரை வேரில்லாத தண்டால் கொடுக்க முடியாது. மணலும் தும்புத்தூளும் கலந்த டின்னில் ஊன்றி, அடியை வெட்டிய சோடாப் போத்தலைக் கவிழ்த்து மூடுங்கள். காலையில் போத்தலின் உட்பக்கம் நீர்த்துளிகள் கோத்திருந்தால் உள்ளே ஈரம் போதும், தண்ணீர் ஊற்ற வேண்டாம். பகலில் மூடியைத் திறந்து காற்று விடுங்கள். மூன்று நாலு கிழமையில் தண்டை மெல்ல இழுத்தால் பிடிமானம் தெரியும்.

ஜெரேனியத்துக்கு இந்தப் போத்தல் ஆகாது. சதைப்பற்றுள்ள தண்டு, மூடினால் அழுகும். நறுக்கிய கிளையை ஒரு நாள் நிழலில் காயவைத்து வெட்டுவாய் உலர்ந்த பிறகு ஊன்றுங்கள், தண்ணீர் குறைவாக. ரோசாவுக்குப் பென்சில் பருமனுள்ள முதிர்ந்த தண்டு, ஆறு முதல் எட்டு அங்குலம், பாதிக்குமேல் மண்ணுக்குள். மழைக்கால மேகமூட்டத்தில் ரோசாக் கிளை நன்றாகப் பிடிக்கும்.

விலை கொடுத்து நல்ல வகை வேண்டுமென்றால் ஹக்கலைப் பூங்காவுக்குப் போங்கள். நுவரெலியாவிலிருந்து வெலிமடை ரோட்டில், சீதையம்மன் கோவிலைத் தாண்டி. 1861-இல் மலேரியாக் காய்ச்சல் மருந்துக்கான சின்கோனா மரத்தைப் பரீட்சார்த்தமாக நட்ட இடம் அது, பிறகு பூங்காவானது. ஏப்ரலில் அங்கே ரோசாக்களைப் பார்த்தாலே எந்த வகை நம் குளிருக்கு நிற்கும் என்று தெரிந்துவிடும். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் சித்திரைக் காலத்தில் நடக்கும் மலர்க் கண்காட்சியும் அப்படித்தான். கைப்பேசியில் படம் எடுத்து வந்தால் அயலில் யாரிடமாவது அந்தச் செடி இருக்கும்.

அக்கா வீட்டில் ஹைட்ரேஞ்சியா நீலம். அதே கிளையை நட்டேன், எனக்கு ரோஸ் நிறம். ஏன்?

செடி அதேதான், மண்தான் வேறு. புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். சுண்ணாம்பு சேர்ந்த மண்ணில் அது கரையாது, பூ ரோஸ் நிறமாகும். தேயிலை மண் பொதுவாகவே புளிப்பு, காரகாடித்தன்மை (pH) 4.5 முதல் 5.5 வரை. அதனால்தான் பங்களா வழியோரமெல்லாம் அந்த ஆழ்ந்த நீலம். உங்கள் செடி சீமெந்துச் சுவரோரமாகவோ கட்டடக் கழிவு மண்ணிலோ நிற்கலாம். ஒரு கிளையைத் தேயிலை மண் நிரப்பிய டின்னில் நட்டு, சுவருக்குத் தள்ளி வையுங்கள், அடுத்த பூக்களில் வித்தியாசம் தெரியும். வெள்ளை வகைக்கு நிறம் மாறாது.

கார்னேஷன், ஸ்வீட் பீ, பீற்றூட் ஆகியவற்றுக்குப் புளிப்பு ஆகாது. நடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் சதுர மீற்றருக்கு ஒரு பிடி டொலமைற் சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறுங்கள். ஹைட்ரேஞ்சியா, கமேலியா, அசேலியா பக்கம் அந்தக் கையைக் கொண்டுபோக வேண்டாம்.

ஹைட்ரேஞ்சியாவைக் கவ்வாத்துச் செய்வது பூ முடிந்ததும். தாமதித்து வெட்டினால் அடுத்த பூவுக்கான மொட்டும் கூடப் போய்விடும்.

7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கிடைத்திருக்கிறது. எதை எங்கே நடுவது?

7 பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடும் வழியும் போக மிச்சமுள்ளது ஒரு காட்டேஜ் தோட்டத்துக்கு நிறையவே போதும். அதை முழுக்கப் பூவாக்காதீர்கள். மரக்கறி விலையில் பாதிப் பாத்தியாவது சட்டிக்குப் போக வேண்டும், இந்த வகைத் தோட்டத்துக்கு அதுதான் பழைய முறையும்கூட.

வாசற்படிக்குப் போகும் வழியை நேர்கோடாக வெட்டாமல் ஒரு வளைவு விடுங்கள். வழியோரம் முழங்காலுக்குக் கீழே நிற்பவை: பான்சி, பார்ஸ்லி, சலாது இலை, வாசல் பக்கமாகப் புதினா. புதினாவை டின்னோடு புதையுங்கள், இல்லாவிட்டால் பாத்தி முழுக்க ஓடும். நடுவில் டேலியா, செவ்வந்தி, அவற்றுக்கு இடையே லீக்ஸும் நோக்கோலும். லீக்ஸின் நீல இலைக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் செண்டுமல்லியை வைத்துப் பாருங்கள், எந்தக் கண்காட்சியிலும் அதைவிட அழகான சேர்க்கையை நான் கண்டதில்லை. பின்னால் வேலியோரம் ஹைட்ரேஞ்சியா, ரோசா, அப்புறம் கம்பில் ஏறும் போஞ்சியும் ஸ்வீட் பீயும். ஸ்வீட் பீ விதை நஞ்சு, போஞ்சியோடு கலந்து பறித்துவிடாதபடி தனிக் கம்பில் ஏற்றுங்கள்.

துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் மேட்டுக் குளிர் ஒத்துவராது. தொட்டியில் வைத்துச் சுவரோர வெயிலில் விடுங்கள், இரவில் உள்ளே எடுங்கள்.

லயம் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். நாளைக்கு எடு என்றால்?

இந்தப் பயம் நியாயமானது. காணி உரிமை இல்லாமல் இத்தனை தலைமுறை வாழ்ந்தவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆகவே நிலத்தில் நடுவதை ஓராண்டுச் செடியாக வைத்துக்கொள்ளுங்கள். ரோசா, கமேலியா போன்ற நீண்டகாலச் செடிகளைப் பெரிய டின்னில் வளருங்கள். மேசையை ஆணிக்குப் பதிலாகத் திருகாணியில் பொருத்தினால் கழற்றிக் கொண்டுபோகலாம். வீடு மாறினாலும் தோட்டம் உங்களோடு வரும்.

உறைபனி விழும் நாட்களில் என்ன செய்வது?

நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவலைப் பக்கத்துக்கு இது. ஜனவரி, பெப்ரவரியில் பகல் தெளிந்து, காற்று அடங்கி, மாலையில் வானில் ஒரு மேகமும் இல்லாவிட்டால் விடியற்காலை புல் வெளுத்திருக்கும் என்று எதிர்பாருங்கள். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் பள்ளத்தில் உள்ள பாத்தி கருகும்போது மேட்டில் உள்ளது தப்பிவிடும். மென்மையான நாற்றுகளை மேட்டிலோ கூரைக்குக் கீழோ வையுங்கள்.

சூரியன் சாய்வதற்கு முன் சாக்கால் மூடுங்கள், இலையில் படாதபடி நாலு குச்சி ஊன்றி. மண்ணை அன்று காலையே நனைத்து வைத்தால் பகல் சூட்டை அது பிடித்துவைத்து இரவில் விடும். விடிந்ததும், வெயில் படும் முன் இலைமேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கலாம். கருகிய நுனியை உடனே வெட்ட வேண்டாம், அது உள்ளே உள்ள மொட்டுக்கு அடுத்த இரவின் மூடியாக இருக்கும். மாசி முடிந்து வெட்டுங்கள்.

நத்தை, பன்றி, குரங்கு?

நத்தைக்கு இரவில் டோர்ச் அடித்துப் பொறுக்குவதுதான் நிச்சயமான வழி. நாற்று மேசையின் கால்களைச் சுற்றி அடுப்புச் சாம்பல் தூவலாம், மழை பெய்தால் மறுபடி தூவ வேண்டும். ஈரச் சாக்கை இரவில் பாத்தி ஓரம் விரித்து வைத்தால் விடியும்போது அடியில் கூடியிருக்கும்.

காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் கிழங்கைத் தேடி வருபவை. டேலியாவையும் உருளைக்கிழங்கையும் வீட்டுச் சுவரோரம் வையுங்கள். மின்சாரக் கம்பி இழுப்பதைக் கனவிலும் நினைக்காதீர்கள், அதில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். குரங்குக்கு முழுத் தீர்வு ஒன்றும் என்னிடம் இல்லை. ஜெரேனியத்தை அது அவ்வளவாகத் தொடாது, பான்சியைப் பிய்க்கும்.

எதை நடக்கூடாது?

மஞ்சள் பூவும் முள்ளுமாக இருக்கும் கோர்ஸ் புதர் ஐரோப்பாவிலிருந்து வந்து இன்று ஹோட்டன் சமவெளியில் பரவி அங்குள்ள செடிகளுக்கு இடமில்லாமல் செய்கிறது. அதன் கிளையை எங்கேயும் கொண்டுவராதீர்கள். உண்ணிச்செடியும் அப்படித்தான், அழகான பூவென்று 1826-இல் பேராதனைக்குக் கொண்டுவந்தது நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஹோட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் மகரத்மல் மரத்திலிருந்து கிளையோ விதையோ எடுக்கவும் கூடாது, அது பாதுகாக்கப்பட்ட பூங்கா.

ஃபாக்ஸ்குளோவ், எக்காளம் மாதிரி தொங்கும் பெரிய ஊமத்தை வகை இரண்டும் பார்க்க மிக அழகு, ஆனால் முழுச் செடியும் நஞ்சு. தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டாம். ஆடு மாடு மேயும் பக்கமும் வேண்டாம்.

மலையிலிருந்து வர நாலரை ஆகிவிடும். இதற்கெல்லாம் நேரம் எங்கே?

நட்டு முடிந்த பிறகு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். நெருக்கமாக நட்டால் களைக்கு இடமில்லை. மானாப்புல்லை வெட்டிச் செடியைச் சுற்றிப் பரப்பினால் ஈரமும் நிற்கும், மண்ணும் அரிக்காது. தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். பின்னேரம் ஊற்றினால் இலை இரவு முழுக்க ஈரமாக இருந்து ரோசாவில் கரும்புள்ளியும் சாம்பல் நோயும் வரும். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு)ப் போகும் அவசரமென்றால் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள், ஆளுக்கு ஒரு டின் வரிசை.

வாடிய பூவைக் கிள்ளிவிடுவதுதான் முக்கியமான வேலை. விதை கட்டவிடாமல் கிள்ளினால் செடி மறுபடி மறுபடி பூக்கும். தேத்தண்ணி குடித்துக்கொண்டே செய்யலாம். நோய், பூச்சி என்று புரியாமல் நின்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலேயே கேளுங்கள்.

மே மாதம் பெரிய மழை தொடங்கிவிட்டால்?

மேற்குச் சரிவில் இருப்பவர்கள் ஏப்ரல் கடைசியிலிருந்து கிள்ளுவதை நிறுத்தி, நல்ல செடிகளில் நாலைந்து பூவை விதைக்கு விடுங்கள். காய்ந்த தலைகளை வெயில் நாளில் பறித்து, பழைய கடிதாசியில் மடித்து, பெயரும் நிறமும் எழுதி, வறுத்த அரிசி கொஞ்சம் போட்ட டின்னில் மூடி வையுங்கள். டேலியாத் தண்டு சரிந்ததும் ஆறு அங்குலம் விட்டு வெட்டி, கிழங்கைத் தோண்டி, மண்ணை உதறி இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள். பிறகு காய்ந்த தும்புத்தூளுக்குள் வைத்து மேசையின் கீழ்த்தட்டில் தள்ளிவிடலாம். மாதம் ஒருமுறை தொட்டுப் பார்த்து அழுகியதை எறியுங்கள். ஜெரேனிய டின்களை இஸ்தோப்புக்குள் இழுத்து, அவற்றிலிருந்து புதுக் கிளைகளை இப்போதே ஊன்றுங்கள்.

ஊவாப் பக்கத்தவர்களுக்கு ஜூன் முதல் உலர் காற்று. அவர்கள் கிழங்கைத் தோண்டத் தேவையில்லை, மேலே மானாப்புல்லைக் கனமாகப் போட்டு ஒக்டோபர் மழைவரை விட்டால் போதும்.